சோக் ஒயரை முதலில் பாருங்கள்

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் காலையில் கிளம்ப மறுத்தால் முதல் பழி ப்ளக்கின் மேல் விழும். கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் ஒரே உதையில் வண்டி கிளம்பிவிடும். ஓரிரு நாள் ஓடியபின் மறுபடி அதே கதை. அடுத்த பழி கார்புரேட்டருக்கு. அதைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, ஜெட்டை ஊதி, ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் புதிய செட்டிங் வைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் பெட்ரோல் பங்க்கைக் குறை சொல்வார்கள். இந்த வரிசையில் சோக் ஒயரின் பெயர் வருவதே அபூர்வம், வந்தாலும் கடைசியில்தான். கொச்சி வில்லிங்டன் தீவைப் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் கட்சி. ஸ்டார்ட்டிங் தகராறு, அளவு மீறிய புகை, மைலேஜ் குறைவு, எதுவானாலும் சரி, கார்புரேட்டரில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் சோக் ஒயரைப் பார்த்துவிட வேண்டும். மற்ற கோளாறுகளின் அடையாளங்களையெல்லாம் அப்படியே காட்டி ஆளை அலைக்கழிக்கும் கோளாறு அது.

வில்லிங்டன் தீவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் காயலை ஆழப்படுத்தும் வேலையை நடத்தினார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூர்வாரிய சேற்றையும் மணலையும் கொட்டி எழுப்பிய நிலம்தான் இந்தத் தீவு. சென்னை மாகாண கவர்னராகவும் பின்னர் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டாஞ்சேரியும் தோப்பும்படியும், மறு பக்கம் எர்ணாகுளம். தீவில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் உவர்நீர் கூப்பிடு தூரத்தில்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை வேறு. மழையை விட இரும்புக்குப் பெரிய பகை, மழை ஓய்ந்தபின் மேலே படிகிற உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பார்வைக்குக் காய்ந்த உலோகம் உண்மையில் நனைந்தபடியே இருக்கும். ஒயரின் துத்தநாகப் பூச்சு முதலில் வெள்ளைப் பொடியாக உதிரும். அப்புறம் உள்ளே இருக்கும் எஃகு இழைகள் துருவேறும். துரு, தான் அரித்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். ஒயரை மூடிய அவுட்டர் உறைக்குள்ளோ இம்மி இடம்கூட மிச்சமில்லை. உள்ளே ஓடும் இன்னர் கம்பியும் அவுட்டரும் இறுகிக்கொள்வதற்கு இதைவிட வேறு எதுவும் தேவையில்லை.

வண்டியில் எத்தனையோ ஒயர்கள் இருக்க, சோக் ஒயரை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் கொராதினோ தஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா, கம்பிகளால் இயங்கும் வண்டி. அந்த வம்சத்தில் 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கிலும் கிளட்ச், ஆக்சிலேட்டர், இரண்டு கியர் ஒயர்கள், முன் பிரேக், பின் பிரேக் என்று எல்லாமே ஒயர்தான். ஆனால் இவை ஒவ்வொரு சிக்னலிலும் ஓடிக்கொண்டே இருப்பவை. இறுகத் தொடங்கினால் அன்றைக்கே கை சொல்லிவிடும். அந்துபோனால் வண்டி நடுவழியில் நிற்கும். சோக் ஒயர் அசைவது காலையில் ஒரு முறை, கோடையில் வாரக்கணக்கில் அதுகூட இல்லை. அசையாத ஒயரில் ஈரம் நின்று ஊறும். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. சோக்கை இழுப்பது மனிதக் கையின் பலம். துருப்பிடித்த ஒயர்கூட அதற்கு வழிவிடும். திரும்ப மூடுவதோ கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங். சீட்டுக்குக் கீழே உள்ள சோக் குமிழை நாம் உள்ளே தள்ளுகிறோம், அதுவும் உட்கார்ந்துவிடுகிறது. மெல்லிய ஒயர் இழுபடுமே தவிரத் தள்ளுபடாது. வழியில் எங்கோ வளைந்து நின்றுவிடும். மேலே குமிழ் மூடியிருக்க, கீழே கார்புரேட்டரில் சோக் வால்வு பாதி திறந்திருக்கும். ஓட்டுகிறவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

சேத்தக்கின் கார்புரேட்டரில் சோக் காற்றை அடைப்பதில்லை. கூடுதல் பெட்ரோலுக்கென்று தனி வழி ஒன்றைத் திறந்துவிடுகிறது. லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வண்டிகளிலும் தத்துவம் இதுதான். வழியை மூடியிருக்கும் சிறு வால்வை ஒயர் தூக்கும். எஞ்சினின் உறிஞ்சல் அந்த வழியே பெட்ரோலை இழுக்கும். அதனால்தான் சோக் போட்டு உதைக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது. திருகினால் உறிஞ்சல் பிரதான வழிக்குப் போய்விடும், சோக் போட்டும் போடாத கதைதான். வால்வு திறந்தே நின்றுவிட்டால் காலையில் வண்டி அருமையாகக் கிளம்பும், சூடானபின்தான் வம்பு. சிக்னலில் நிற்கும்போது திணறி அணையும், ஓட்டத்தில் மிஸ்ஸிங் வரும், கறுத்த புகை வரும், ப்ளக் ஈரக் கரியோடு வரும், கடைக்கு முன் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால் எத்தனை உதைத்தாலும் எழாது. ஒயர் அந்துபோயிருந்தால், அல்லது நிப்பிள் நழுவியிருந்தால், நேர் எதிர்: காலையில் உயிரை வாங்கும், ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்கக் குறையே சொல்ல முடியாது. ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தகராறு குளிர்ந்த எஞ்சினிலா, சூடான எஞ்சினிலா என்பது. அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கொச்சி போன்ற வெப்ப ஊரில் சோக்கே எதற்கு என்று சொல்பவர்கள் உண்டு. மலை ஊருக்கும் ஐரோப்பாவுக்கும் தேவைப்படும் சாமான் நமக்கு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எஞ்சினைப் பொறுத்தவரை குளிர் என்பது வானிலைக் கணக்கு மட்டும் இல்லை. உதைக்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம் மிகக் குறைவு. காற்றின் ஓட்டமும் அதற்கேற்ப மந்தம். பிரதான ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கப் போதுமான உறிஞ்சல் அப்போது இல்லை. இழுத்த பெட்ரோலிலும் ஒரு பங்கு ஆவியாகாமல் ஆறிய உலோகச் சுவரில் துளியாகப் படிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவை கிராங்க் கேஸைச் சுற்றிக்கொண்டுதான் சிலிண்டருக்கு வருகிறது என்பதால் படிவதற்குச் சுவரும் அதிகம். ஜூன் மாத விடியலில், இரவெல்லாம் மழையில் நின்ற வண்டிக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே உண்டு. வெயில் காலத்தில் சோக் இல்லாமல் கிளம்பும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பிச் சோக்கை மறந்துவிடுவதால்தான் மழைக்காலம் வரும்போது ஒயர் இறுகிப்போய்க் கிடக்கிறது.

வண்டியை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு உதைக்கும் பழக்கம் இந்தியா முழுக்கத் தெரிந்தது. ஒரு தலைமுறை அப்பாக்களின் கைவண்ணம் அது. அது பலிப்பதையும் மறுக்க முடியாது. சாய்க்கும்போது மிதவை அறையின் பெட்ரோல் மட்டம் குலைந்து, கூடுதல் பெட்ரோல் உள்ளே வழிகிறது. சோக் செய்ய வேண்டியதையே அளவில்லாமல் செய்கிறது. சிக்கல் அந்த அளவில்லாமையில்தான். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் அது. ஆகவே வழிவது பெட்ரோல் மட்டுமில்லை, ஆயிலும் சேர்ந்துதான் போய் ப்ளக்கை நனைக்கிறது. அதிகமாக வழிந்தால் சூடான எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் சொட்டும். சாய்த்தால்தான் கிளம்பும் என்ற நிலைக்கு ஒரு வண்டி வந்துவிட்டால், அதன் சோக் வேலை செய்யவில்லை என்று அந்த வண்டியே சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சோதிப்பது எளிது. பெட்ரோல் காக்கை மூடி, எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் பெட்டியைத் திறந்து ஏர் ஃபில்டரை எடுத்தால் சோக் வால்வு கண்ணுக்குத் தெரியும். ஒருவர் குமிழை இழுத்து விட, மற்றவர் வால்வைப் பார்க்க வேண்டும். இழுத்ததும் முழுக்க எழ வேண்டும், விட்டதும் தயங்காமல் அமர வேண்டும். மூடிய நிலையில் ஒயரில் ஓரிரு மில்லிமீட்டர் தொய்வு இருப்பது அவசியம். புது ஒயரை விறைப்பாக மாட்டிவிட்டுப் போகும் வேலையால் வால்வு மயிரிழை அளவு தூக்கியபடியே நின்று பெட்ரோல் குடிப்பது சர்வ சாதாரணம். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒயரின் கீழ்முனையைக் கழற்றிவிட்டு, வால்வை விரலால் அழுத்தி மூடி, எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். தகராறு மறைந்தால் குற்றவாளி ஒயர்தான். மறையாவிட்டால் கார்புரேட்டரைத் தாராளமாகப் பிரிக்கலாம். மாற்றும்போது பழைய ஒயரை உருவி எறிந்துவிடக் கூடாது. அதன் முனையில் உறுதியான நூலைக் கட்டி உருவினால் அதே பாதையில் புதியதை இழுத்துக்கொள்ளலாம். அவுட்டரை வெட்டிய இடத்தில் உள்பக்கம் மடங்கிய பிசிறு இருக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் இன்னரின் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். இன்னரை வெட்ட வேண்டியிருந்தால், வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் பற்றவைத்துவிட்டு வெட்டினால் இழை பிரியாது. பிளாஸ்டிக் பையின் மூலையைச் சிறிதாக வெட்டி, அவுட்டரின் மேல்முனையில் இறுக்கிக் கட்டி, அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றித் தொங்கவிட்டால் போதும்; அடிமுனையில் எண்ணெய் சொட்டும்போது உள்ளே முழுக்க நனைந்திருக்கும். உள்ளே நைலான் குழாய் வைத்த அவுட்டராக இருந்தால் கிரீஸைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது புதிதாக ஒரு ஆட்சேபம் கிளம்பியிருக்கிறது: கோளாறெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்தான், ஒயரைக் குறை சொல்லி என்ன பயன் என்று. இதில் பாதி நியாயம் உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். பழைய ஜெட்டுகளில் இ20 எனப்படும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடும்போது கலவை மெலிந்துபோகும். எத்தனால் ஆவியாவதற்கு வெப்பமும் அதிகம் பிடிக்கும்; காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சும். இவை எல்லாமே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதைக் கடினமாக்குபவை. அப்படியானால் முன்னைவிட இப்போதுதான் சோக் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்.

புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டியை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. பஜாஜ் 2009இல் ஸ்கூட்டர் தயாரிப்பை விட்டு விலகியது. இன்று தெருவில் ஓடும் பழைய சேத்தக்குகளுக்கு 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்துவிட்டது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் ஓட்டலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலில் ஒரு பகுதியை எரியாமலேயே புகையோடு வெளியே விடும் என்பதும் உண்மை. ஆனால் ஓட்டத்தான் போகிறார்கள் என்றால், எந்த நிலையில் ஓடுகிறது என்பது முக்கியம். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் புகைப் பரிசோதனையில் அளக்கிறார்கள்: 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு உச்சவரம்பு 4.5 சதவீதம், பின்னால் வந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு 3.5. பெட்ரோல் மிகுந்த கலவையில் முதலில் ஏறுவது அந்த வாயுதான். சோக் வால்வு அரைகுறையாகத் திறந்த வண்டி அங்கேயே தோற்கும். அங்கே தோற்றதும் கார்புரேட்டரை மாற்று, பிஸ்டன் செட்டை மாற்று என்று செலவு வளரும். பரிசோதனைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை பெட்டியைத் திறந்து, குமிழை இழுத்து விட்டு, வால்வு அமர்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.