மரக்காணத்து உப்பும் அது சென்ற வழியும்

முன்னுரை

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது முன்னோர் வாக்கு. அவ்வுப்பை விளைவிக்கும் ஊர்களுள் ஒன்று விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். சங்ககால ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பர் அறிஞர். பழம்பெருமை வாய்ந்த இவ்வூருக்கு இன்றளவும் இருப்புப்பாதை நிலையம் இல்லை. அங்ஙனமாயின், இங்கு விளைந்த உப்பு எவ்வாறு வெளியூர் சென்றது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு ஒரு கால்வாயின் வரலாறு புலப்படும்.

உப்பு விளையும் முறை

கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டுப் படிப்படியாகச் சிறு பாத்திகளுக்கு மாற்றுவர். அடர்த்தி மிகும்போது முதலில் ஜிப்சம் படியும். பின்னரே கறியுப்புப் பூக்கும். எஞ்சிய கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிடல் வேண்டும். தவறின், அதிலுள்ள மக்னீசிய உப்புகள் கலந்து, உப்புக் கசக்கும். காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். காலமறிந்து வடிப்பதிலேயே தொழிலாளியின் தேர்ச்சி அடங்கியுள்ளது.

கால்வாயும் இருப்புப்பாதையும்

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பேசில் காக்ரேன் என்பார் அமைத்த கால்வாயே பின்னர் வடக்கும் தெற்குமாக நீண்டது. 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது, பசித்தோர்க்கு வேலையளிக்கும் பொருட்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பெற்றது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வாய்த்தது. பெத்தகஞ்சத்தில் தொடங்கும் இக்கால்வாய் ஏறத்தாழ 420 கி.மீ. ஓடி மரக்காணத்தருகே முடிகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இவ்வழியே சென்னை சென்றன.

அதே காலத்தில் தென்னிந்திய இருப்புப்பாதை திண்டிவனம் வழியாகச் சென்றது. 1879இல் விழுப்புரம்-புதுச்சேரிக் கிளைப்பாதையும் திறக்கப்பெற்றது. இரண்டும் மரக்காணத்தைத் தொடவில்லை. எனினும், இருப்புப்பாதையும் சாலையும் பெருகப் பெருகப் படகுப் போக்குவரத்துக் குன்றியது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னை நகருக்குள் பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. 2008இல் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பெற்றும் உப்புப் படகுகள் மீளவில்லை. கிழக்குக் கடற்கரை இருப்புப்பாதைத் திட்டம் அறிவிக்கப்பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தும் பாதை அமைந்திலது. மரக்காணத்து உப்பு இன்று சரக்குந்துகளிலேயே செல்கிறது.

முடிவுரை

வழிகள் மாறின, பாத்தியில் நிற்பவர் நிலையோ பெரிதும் மாறவில்லை. சுடுவெயிலில் உப்பு வாருவோரும் தலைச்சுமையாகச் சுமக்கும் பெண்டிரும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலையிழக்கின்றனர். 2022 முதல் தமிழக அரசு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கி வருவது ஆறுதலே. எனினும் மழை நின்று பாத்தி காயும்வரை ஒரு குடும்பத்தைத் தாங்க அது போதுமா என்பது எண்ணத்தக்கது. பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்டிக் கூலி அளித்தது அன்றைய அரசு. இன்று அதே கால்வாயைத் தூர்வாரும் பணியை, வேலையற்ற திங்களில் இவர்களுக்கே அளித்தல் கூடாதா? நீரும் வடியும், அடுப்பும் எரியும். நாம் உண்ணும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் இவர்தம் வியர்வை கலந்துள்ளது என்பதை மறவாதிருத்தல் நம் கடன்.