நாயின் பெயரையும் மறக்காத கல்!

போரில் மடிந்த வீரனுக்கு ஜப்பானியர் மரத்தில் படம் செதுக்கினார்கள். தமிழர்கள் கல்லில் செதுக்கினார்கள். இரண்டில் எது நிலைத்தது?

1894-ம் ஆண்டு ஜப்பானுக்கும் சீனாவுக்கும் யுத்தம் மூண்டது. செய்தி வந்த சூட்டோடு சூடாக டோக்கியோவில் வண்ணப் படங்கள் கடைக்கு வந்துவிடும். ஓவியர் வரைவார், சிற்பி அதைச் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார், ஒவ்வொரு வண்ணமாகக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார்கள். வரைந்தவர்களில் பலர் போர்க்களத்தையே பார்த்ததில்லை!

குண்டு பாய்ந்த பிறகும் ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் உயிர்விட்ட ஒரு சிப்பாயின் படம் பெரும் புகழ் பெற்றது. அவர் பெயர் சிராகாமி கென்ஜிரோ என்றார்கள். பிறகு, "அவர் அல்ல, கிகுச்சி கோஹெய்" என்றார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஏறியது இரண்டாவது பெயர்தான். படம் பறந்த வேகத்தில் பெயர் தவறிவிட்டது!

இனி நம் பக்கம் வருவோம். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறிச் செங்கற்பட்டில் இறங்கினால், அருகே வல்லம். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குகைக் கோயில் இருக்கிறது. அதே மன்னனின் 34-ம் ஆட்சி ஆண்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது.

யாருக்கு? அரசனுக்கா, தளபதிக்கா? இல்லை. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்ற சேவகனுக்கு! அவனுடன் ஒரு நாயும் அதே கல்லில் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன். சுமார் 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியவில்லை.

நடுகல் எடுப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுத்தது.

செங்கம், தருமபுரிப் பக்கத்தில் இக்கற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். கும்பிட ஆள் இல்லாத கல்லின் கதி என்ன? வயலும் மேடும் வீட்டு மனைகளாக மாறிவரும் காலம் இது. கூடுவாஞ்சேரிப் பக்கத்திலும் வில்லோ வாளோ ஏந்திய உருவம் ஒரு கல்லில் தென்பட்டால், அதைப் புரட்டித் தள்ள வேண்டாம். தொல்லியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊரைக் காத்தவனின் பெயர் அதில் இருக்கலாம்!