செல்பேசியின் 15 இலக்கம்: காவலா, கண்காணிப்பா?

புது தில்லி: தில்லி அசோகா சாலையில் உள்ள சஞ்சார் பவனிலிருந்து 2025 நவம்பர் 28-ஆம் தேதி செல்பேசித் தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு சென்றது. இந்தியாவில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய செல்பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலி 90 நாள்களுக்குள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. ஏற்கெனவே உற்பத்தியாகி விற்பனைக்குக் காத்திருப்பவற்றில் மென்பொருள் புதுப்பிப்பின் வழியே செயலியைச் சேர்க்க முயல வேண்டும். முதன்முறை இயக்கும்போதே அது பயனாளரின் கண்ணில் பட வேண்டும். அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் நிபந்தனைகள் இருந்தன. ஐந்தே நாள்களில், டிசம்பர் 3-ஆம் தேதி, அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இடைப்பட்ட நாள்களில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியிருந்தது. நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட உத்தரவு செய்தி நிறுவனம் ஒன்றின் வழியே வெளியானதும் எதிர்க்கட்சிகள் கொதித்தன. இது உளவுச் செயலி என்றார் பிரியங்கா காந்தி. ஆப்பிள் நிறுவனம் உடன்படப் போவதில்லை என்ற செய்தியும் வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாம் என்பவர்கள் செயலியை நீக்கிவிடலாம் என்று விளக்கம் அளித்தார். செயல்பாடுகளை முடக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்க, நீக்கிவிடலாம் என்று வாய்மொழியில் சொன்னது எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே உத்தரவு திரும்பிப் போய்விட்டது.

சர்ச்சை ஓய்ந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த விஷயம், அதாவது திருட்டுப்போகும் செல்பேசியும் அதன் அடையாள எண்ணும், சாதாரண மக்களை அன்றாடம் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அரசியல் கூச்சலில் அது காணாமல் போனதுதான் வருத்தத்துக்குரியது.

எண்ணில் என்ன இருக்கிறது?

ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண் ஒவ்வொரு செல்பேசிக்கும் உரிய தனி அடையாளம். முதல் 8 இலக்கங்கள் அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதைச் சொல்லும். அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட கருவியின் வரிசை எண். கடைசி இலக்கம் மற்றவை பிழையின்றி உள்ளனவா என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் அட்டைகள் போடும் செல்பேசியில் இரண்டு எண்கள் இருக்கும். சிம் அட்டையை மாற்றினாலும் இந்த எண் மாறாது. செல்பேசி இணைப்புக் கோபுரத்துடன் தொடர்புகொள்ளும்போது இந்த எண்ணையும் வலையமைப்பு கேட்டுப் பெறும். திருடப்பட்ட கருவியை அடையாளம் காண முடிவது இதனால்தான்.

*#06# என்று அழுத்தினால் எண் திரையில் தோன்றும். வாங்கிய பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டிலும், முறையான ரசீதிலும் அதே எண் இருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, ரசீதையும் தொலைத்துவிட்டு, செல்பேசி பறிபோன பிறகு எண்ணைத் தேடுவோர்தாம் அதிகம். கையில் செல்பேசி இருக்கும்போதே இந்த எண்ணை வேறொரு தாளில் எழுதி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய கதை ஒன்று

இந்த எண்ணை வைத்து அரசு நடத்திய முதல் பெரிய நடவடிக்கையைப் பலர் மறந்திருப்பர். முறையான அடையாள எண் இல்லாத மலிவு விலைச் சீனச் செல்பேசிகள் சந்தையை நிறைத்திருந்த காலம் அது. தில்லியில் கரோல் பாக் பகுதியில் உள்ள கஃபார் மார்க்கெட்டில் அவை குவியல் குவியலாக விற்றன. பெரிய ஒலிபெருக்கி, இரண்டு சிம், தொலைக்காட்சி பார்க்கும் வசதி எனப் பெயர்பெற்ற நிறுவனங்கள் தராததையெல்லாம் தந்ததால் ஏழை, நடுத்தர மக்கள் அவற்றை விரும்பி வாங்கினர். 2008 நவம்பரில் நடந்த மும்பைத் தாக்குதலுக்குப் பின், அடையாளம் தெரியாத செல்பேசி பாதுகாப்புக்கு ஆபத்து என்ற வாதம் வலுப்பெற்றது. அப்போது ஆ. ராசா பொறுப்பில் இருந்த தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய கருவிகளுக்கு இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, இறுதியில் 2009 நவம்பர் 30 நள்ளிரவுடன் முடிந்தது.

ஏறத்தாழ 2.5 கோடி செல்பேசிகள் ஊமையாகும் என்று அன்று மதிப்பிடப்பட்டது. வாங்கியவர் ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கக்கூடும் என்பதால், 199 ரூபாய் கட்டணத்தில் செல்பேசிக்குள் முறையான எண்ணைப் பதித்துத் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தெரிந்தே விற்றவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; வாங்கியவர்தான் வரிசையில் நின்று பணம் கட்டினார்.

அந்த நடவடிக்கையில் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. எண் இல்லாத செல்பேசியை வலையமைப்பு எளிதில் கண்டுபிடித்துவிடும். ஒரே எண்ணைப் பல செல்பேசிகளில் பதித்துவிட்டால்? 2020-இல் உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் இது அம்பலமானது. பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய காவல் அதிகாரி ஒருவரின் செல்பேசி தொடர்ந்து தொல்லை தர, இணையக் குற்றப் பிரிவினர் அதை ஆராய்ந்தனர். பெட்டியில் இருந்த எண்ணும் கருவியில் இருந்த எண்ணும் ஒன்றாக இல்லை. அதே எண்ணுடன் நாடெங்கும் 13,000-க்கும் மேற்பட்ட செல்பேசிகள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றைக் கொண்டு குற்றம் நடந்தால் காவல்துறை எந்த வாசற்கதவைத் தட்டும்?

அடையாள எண்ணைத் திருத்துவது குற்றம் என 2017-இல் விதி வந்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2023 ஜனவரி முதல், இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு செல்பேசியின் எண்ணையும் முதல் விற்பனைக்கு முன்பும், வெளிநாட்டிலிருந்து வருவதன் எண்ணை இறக்குமதிக்கு முன்பும் அரசின் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

பறிபோனால் என்ன செய்வது?

ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் தடுக்கப்பட்ட செல்பேசி இன்னொரு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டதும் உயிர் பெற்றுவிடுவதே முன்பிருந்த நிலை. எல்லா நிறுவனங்களின் பட்டியல்களையும் இணைக்கும் மையப் பதிவேடு இதற்காக உருவாக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும், அவ்வாண்டு டிசம்பரில் தில்லியிலும் சோதனை முறையில் தொடங்கி, 2023 மே மாதம் நாடு முழுமைக்கும் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தின் வழியே திறந்துவிடப்பட்டது. செயலி வந்தது அதற்குப் பின்னர், 2025 ஜனவரியில்தான்.

செல்பேசி பறிபோனவர் முதலில் செய்ய வேண்டியது, இன்னொருவரின் செல்பேசியிலிருந்து தம் இணைப்பு நிறுவனத்தை அழைத்து சிம் அட்டையை முடக்குவது. அடுத்தது வங்கி. இன்றைய திருடனுக்குக் கருவியைக் காட்டிலும் அதிலுள்ள யுபிஐ கணக்கே பெரிய வேட்டை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். பின்னர் காவல்துறையில் புகார் அளித்து அதன் நகலைப் பெறவேண்டும். தில்லியில் தொலைந்த பொருளுக்கான அறிக்கையைக் காவல்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். அதே எண்ணுக்கு மாற்று சிம் அட்டை வாங்கிய பின், இணையதளத்தில் அடையாள எண், தொலைந்த இடம், புகார் நகல், அடையாளச் சான்று ஆகியவற்றைக் கொடுத்துத் தடை கோரலாம். மாற்று சிம் அட்டையில் குறுஞ்செய்தி வசதி உடனே கிடைக்காது, 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கப்படும். ஒருமுறைக் கடவுச்சொல் வரவில்லையே என்று பதறுவோர் இதை அறிந்திருப்பது நல்லது. அந்தத் தாமதமே மோசடியைத் தடுக்கத்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் 24 மணி நேரத்துக்குள் அந்தச் செல்பேசி எல்லா வலையமைப்புகளிலும் தடுக்கப்படும். செல்பேசி திரும்பக் கிடைத்தால், விண்ணப்ப எண்ணைக் கொடுத்துத் தடையை நீக்கிக்கொள்ள வேண்டும், தானாக நீங்காது.

தடுக்கப்பட்ட கருவியில் யாராவது தம் சிம் அட்டையைப் போட்டால் தகவல் காவல்துறைக்குச் சென்றுவிடும். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்பேசிகள் இவ்வாறு மீட்கப்பட்டதாக அரசு கூறுகிறது. குறைத்து மதிப்பிடத்தக்க சாதனை அன்று. அதே வேளையில் இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட செல்பேசி வைஃபை இணைப்பில் இயங்கத்தான் செய்யும். திரை, கேமரா, மின்கலம் எனப் பிரித்து விற்பவனை எந்தப் பதிவேடும் தடுக்காது. இந்தியத் தடை எல்லை தாண்டிச் செல்லுபடியாகாது. திருட்டுச் செல்பேசிகள் நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் கடத்தப்பட்டதை தில்லி காவல்துறை பிடித்த வழக்குகளே காட்டியிருக்கின்றன.

பழைய செல்பேசி வாங்குவோர் கவனத்துக்கு

இந்த ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாதவர், நல்லெண்ணத்துடன் பழைய செல்பேசி வாங்கும் ஏழை. மகளின் படிப்புக்கென்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கி சிம் அட்டையைப் போட்டதும், முன்பின் தெரியாத ஊரின் காவல் நிலையத்திலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிக் கருதக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்கினால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு பாயும். அறியாமல் வாங்கியவருக்குச் சிறை இல்லை என்றாலும், செல்பேசியும் கொடுத்த பணமும் போவது உறுதி. ரசீது இருந்தால் மட்டுமே விற்றவரைக் கைகாட்ட முடியும்.

எனவே பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி எண்ணைப் பார்ப்பதும், அது பெட்டியில் உள்ள எண்ணுடன் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதும் அவசியம். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கருவியின் நிலை பதிலாக வரும். சாதாரண பட்டன் செல்பேசியிலிருந்தும் இதைச் செய்யலாம். இணையமோ செயலியோ தேவையில்லை. 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது', 'தடுக்கப்பட்டது' என்றோ, எண் இருமுறை பதிவானது என்றோ பதில் வந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது.

அவநம்பிக்கையின் வேர்

கட்டாயச் செயலி உத்தரவின் அடிப்படைப் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. திருட்டுச் செல்பேசியைத் தடுக்கும் வேலையைச் செய்வது வலையமைப்புகளில் உள்ள பதிவேடு. செல்பேசிக்குள் இருக்கும் செயலி அன்று. புகார் செய்ய இணையதளம் இருக்கிறது, சரிபார்க்கக் குறுஞ்செய்தி இருக்கிறது. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதையும் அதே இணையதளத்தில் பார்த்து, தமக்குத் தெரியாதவற்றைத் துண்டிக்கக் கோரலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்புகளுக்கு மேல் கூடாது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் வரம்பு 6. இவற்றுக்கெல்லாம் வேறு வழிகள் இருக்கும்போது, அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி, கேமரா ஆகியவற்றை அணுக அனுமதி கேட்கும் செயலியைக் கோடிக்கணக்கான செல்பேசிகளில் முன்கூட்டியே ஏற்றிவைப்பது எதற்காக என்பதற்கு அரசு நிறைவான பதில் தரவில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் அரசு குறுக்கிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், குறுக்கீடு நோக்கத்தின் அளவை மீறக் கூடாது. நோக்கத்தைப் பற்றி இங்கே தகராறு இல்லை. அளவைப் பற்றித்தான்.

அரசின் பழைய நடத்தையும் சந்தேகத்தைத் தூண்டியது. 2020 மே 1-ஆம் தேதி, ஊரடங்கின்போது, அரசு மற்றும் தனியார் ஊழியர் அனைவருக்கும் 'ஆரோக்கிய சேது' செயலி கட்டாயமாக்கப்பட்டது. இரண்டே வாரங்களில், மே 17-ஆம் தேதி, 'இயன்றவரை' என்று அது தளர்த்தப்பட்டது. பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஆராய்ந்த 29 செல்பேசிகளில் 5-இல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அக்குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே தெரிவித்தது. அந்த அரசே ஒரு செயலியைக் கொண்டுவந்து, பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னால் கேட்பவர் தயங்குவதில் வியப்பில்லை.

உத்தரவைத் திரும்பப் பெற்றபோது அரசு சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது. 1.4 கோடிப் பேர் தாமாகவே செயலியைப் பதிவிறக்கம் செய்துவிட்டனர், ஒரே நாளில் 6 லட்சம் பேர் பதிவு செய்தனர், எனவே கட்டாயம் தேவையில்லை என்றது அறிக்கை. மக்கள் தாமே விரும்பி ஏற்பார்கள் என்றால் முதலிலேயே கட்டாயப்படுத்தியது ஏன் என்று கேட்கத் தோன்றும்.

செயலி உத்தரவு போனாலும், அதற்கு அடித்தளமான தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் அப்படியே இருக்கின்றன. 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட அந்த விதிகள், பழைய செல்பேசிகளை வாங்கி விற்போர் அவற்றின் அடையாள எண்ணைத் தடைப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வணிகம் செய்ய வேண்டும் என்கின்றன. கஃபார் மார்க்கெட்டில் தொடங்கி ஒவ்வொரு ஊரின் பேருந்து நிலையக் கடை வரை இது நடைமுறைக்கு வந்தால், 2009-இல் வாங்கியவரின் தலையில் மட்டும் விழுந்த சுமை இம்முறை விற்பவரின் தோளுக்கும் மாறும்.