கேமரா யார் கையில்?

2014 பிப்ரவரி 18 அன்று, தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சி நேரலை நின்றுபோனது. ஆந்திரப் பிரதேசத்தை இரண்டாகப் பிரித்த முடிவை அந்த மாநிலத்து மக்களே பார்க்க முடியவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லப்பட்டது. பலர் அதை நம்பவில்லை. காரணம் எதுவானாலும், அவைக்குள் இருந்த கேமராக்கள் எல்லாம் அவையின் சொந்தக் கேமராக்கள். அந்தக் கேமராக்கள் அணைந்ததும் நாட்டுக்கு வேறு கண் இல்லாமல் போயிற்று. நாடாளுமன்றத்துக்குள் கேமரா வரலாமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. அது யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

அவையில் நடப்பதை வெளியே சொல்லும் உரிமை எளிதில் வந்ததல்ல. தன் விவாதங்களைப் பத்திரிகைகள் அச்சிடுவது உரிமை மீறல் என்று பிரிட்டனின் மக்களவை 1738-ல் தீர்மானம் போட்டது. 1771-ல் லண்டன் அச்சகத்தார் துணிந்து மோதிய பிறகே அந்தத் தடை செயலற்றுப் போனது. இந்தியாவில், நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம், ஃபெரோஸ் காந்தியின் தனிநபர் மசோதாவால் 1956-ல் வந்தது. நெருக்கடி நிலையின்போது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசே அதை நீக்கியது. 1977-ல் ஜனதா அரசு அதை மீட்டது. பிறகு 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தச் சட்டம், அந்தப் பாதுகாப்பை 361ஏ பிரிவாக அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தது. ஆள்பவரின் விருப்பத்தை நம்பி நிற்கும் உரிமை, ஆள்பவர் மனம் மாறினால் போய்விடும் என்பதை நம் நாடு பட்டறிந்த கதை இது.

அவைக்குள் கேமரா இயங்குவதற்கான உறுதி அவ்வளவு வலுவாக அமையவில்லை. 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உரை முதன்முதலாக நேரலையில் வந்தது. 1991-ல் கேள்வி நேரத்தின் பதிவும், 1994-ல் அதன் நேரலையும் தொடங்கின. 2004-ல் இரு அவைகளுக்கும் தனி அலைவரிசைகள் கிடைத்தன. இப்போது சன்சத் டிவி இயங்குகிறது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். அச்சிட்ட அவைக்குறிப்பு அமைச்சரின் பதிலைத் தரும். துணைக் கேள்வி வந்ததும் அவர் தடுமாறியதையும், அவர் பேசும்போது அவை காலியாகக் கிடந்ததையும் கேமராதான் காட்டும்.

கேமராவைக் கண்டால் உறுப்பினர்கள் நடிப்பார்கள், கூச்சல் பெருகும் என்பது பழைய ஆட்சேபம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நேரலை என்ற பேச்சே இல்லாத 1989 மார்ச் 25 அன்றுதான் தமிழக சட்டப்பேரவையில் பட்ஜெட் நாளன்று பெரும் கலவரம் மூண்டது. அன்று ஜெயலலிதாவுக்கு என்ன நேர்ந்தது என்பதில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் இன்றும் வெவ்வேறு கதை சொல்கின்றன. 2023-ல் நாடாளுமன்றத்திலும் அந்தச் சர்ச்சை எழுந்தது. கேமரா இல்லாததால் கலவரம் நின்றுவிடவில்லை. உண்மையை நிறுவும் வழிதான் அடைபட்டது. துண்டுக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பரப்புகிறார்களே என்பது இன்றைய கவலை. முழுப் பதிவும் எவரும் தேடி எடுக்கும்படி பொதுவில் இருந்தால், வெட்டியதை அதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம். நீக்கப்பட வேண்டிய சொற்கள் ஒலித்துவிடும் என்பவர்களுக்கு, சில நிமிடத் தாமதத்துடன் ஒளிபரப்பும் வழி இருக்கிறது. ஒரு வார்த்தையைத் தடுப்பதற்காக ஒரு நாள் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை.

முழு நாள் கூட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்கலாம். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. தன் ஊர் அணையைப் பற்றிய கேள்வி வந்த பத்து நிமிடம் ஒரு விவசாயிக்குக் கிடைத்தால் போதும்.

கேமரா யார் கையில் என்பது ஏன் முக்கியம் என்பதை அமெரிக்கா காட்டுகிறது. அங்கே பிரதிநிதிகள் சபையில் 1979 முதல் நேரலை உண்டு. ஆனால் கேமராக்கள் சபையின் கட்டுப்பாட்டில்தான். 2023 ஜனவரியில், சபாநாயகர் தேர்தல் 15 சுற்றுகள் இழுத்தபோது, புதிய விதிகள் இன்னும் ஏற்கப்படாததால் சி-ஸ்பான் தொலைக்காட்சி நிறுவனத்தின் சொந்தக் கேமராக்கள் உள்ளே இயங்கின. பேரம் பேசியவர்களையும் கோபத்தில் நெருங்கியவர்களையும் மக்கள் நேரலையில் கண்டார்கள். விதிகள் வந்ததும் அந்தக் காட்சி மறைந்தது. கட்டடமும் உறுப்பினர்களும் மாறவில்லை. கேமராவைத் திருப்பிய கைதான் மாறியது.

தமிழக சட்டப்பேரவையில் கேள்வி நேர நேரலை 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். அமைச்சரின் பதிலைக் காட்டத் துணிந்த அவை, மானியக் கோரிக்கை விவாதத்தையும் வெளிநடப்பையும் அதே போலக் காட்ட வேண்டும். மசோதாக்களை நுணுகிப் பார்க்கும் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் இன்னும் மூடிய அறையில்தான் கூடுகின்றன. நாட்டுப் பாதுகாப்பு போன்றவை தவிர, அந்தக் கதவும் திறக்க வேண்டும். எதைக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை எல்லாக் கட்சிகளும் ஏற்ற எழுத்து விதி தீர்மானிக்கட்டும். வெளி ஊடகத்தின் ஒரு கேமராவாவது உள்ளே இருக்கட்டும். செய்தி வெளியிடுவதற்கு 361ஏ கொடுத்த உறுதி, அவைக்குள் கேமரா இயங்குவதற்கும் வேண்டும். அப்போதுதான் இன்னொரு மாநிலத்தின் தலைவிதி முடிவாகும் நாளில் திரை இருண்டால், அது ஏன் இருண்டது என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை நமக்கு இருக்கும்.