அன்இன்ஸ்டால் கொடுத்தாலும் போகாத ஆப்... போனில் இருந்து நீக்குவது எப்படி?

"மக்ளே, இந்த ஆப் போவவே மாட்டேங்கு பாத்துக்க." தக்கலையில் இருந்து சித்தப்பா போன் செய்தார். வாட்ஸ்அப்பில் வந்த 'கல்யாண அழைப்பிதழ்' ஒன்றைத் திறந்திருக்கிறார். அது அழைப்பிதழ் இல்லை, ஏபிகே ஃபைல். டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் இதே மோசடி நடக்கிறது. உள்ளே வந்ததும் எஸ்எம்எஸ்களைப் படித்து, ஓடிபியை வெளியே அனுப்பிவிடும்.

ஏன் போக மாட்டேங்குது?

2010-ல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோது 'டிவைஸ் அட்மின்' என்ற வசதியும் வந்தது. அலுவலக போன் தொலைந்தால் தூரத்தில் இருந்தே லாக் செய்ய, தகவல்களை அழிக்க உதவுவது. இந்த அனுமதி வாங்கிய ஆப்பை, அனுமதியை ரத்து செய்யாமல் நீக்க முடியாது. மோசடிக்காரர்களுக்கு அதுதானே வேணும்! நாம் அவசரத்தில் 'அலவ்' தட்டும்போது இதையும் கொடுத்துவிடுகிறோம்.

என்ன செய்யணும்?

முதலில் நெட்டை நிறுத்துங்கள்; ஏரோபிளேன் மோடு போதும். பிறகு செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'டிவைஸ் அட்மின்' எனத் தேடி, அந்த ஆப்பின் அனுமதியை எடுத்துவிடுங்கள். 'அக்சஸிபிலிட்டி' பகுதியிலும் அதே பெயர் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். இனி அன்இன்ஸ்டால் ஆகும். ஐகான் மறைந்திருந்தாலும் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பட்டியலில் இருக்கும்.

சில ஆப் கில்லாடி. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே நம்மை வெளியே தள்ளிவிடும். அதற்குத்தான் சேஃப் மோடு. பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வரும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் இயங்காது, நிதானமாக நீக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் போட்டோக்களை பேக்கப் எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

கம்பெனியே போட்டுத் தரும் ஆப்கள் வேறு கதை. அவை சிஸ்டம் பகுதியில் இருப்பதால் பலவற்றை 'டிஸேபிள்' மட்டுமே செய்யலாம். புதிய போன்களில் சஞ்சார் சாத்தி ஆப் கட்டாயம் என்ற உத்தரவு இதனால்தான் சர்ச்சையானது. 2025 டிசம்பர் 3-ல் மத்திய அரசு அதைக் கைவிட்டது.

ஆப் போனதும் வேலை முடியலை. வேறு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லி, பின், பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சித்தப்பாவுக்குப் பணம் போகவில்லை. ஆனால் அதே 'அழைப்பிதழ்' அவர் நம்பரில் இருந்து குடும்ப குரூப்புக்கே போயிருந்தது. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு "திறக்காண்டாம்"னு சொல்லி முடிக்க ராத்திரி பத்து மணி.