கூடை சொன்ன பருவம்

சென்னை தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலும் செம்பாக்கத்திலும் ஏரித் தண்ணீரில் நெல்லும் கீரையும் விளைந்த காலத்தில், என்ன மாதம் என்று தெரிய நாள்காட்டியைக் கிழிக்க வேண்டியதில்லை. வாசலில் இறங்கும் கூடையே சொல்லிவிடும். நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் வந்தால் சித்திரை. மொச்சைக்காய் என்றால் மார்கழி, பனங்கிழங்கு என்றால் தை. ஆடியில் மாரியம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ், ஐப்பசியில் தீபாவளி லேகியம், அடைமழை பிடித்துக்கொண்டால் தூதுவளை ரசம்.

இப்படிச் சாப்பிடுவதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வேறு எதுவும் கிடைக்காது, அவ்வளவுதான்.

இன்று ஏரிகள் சுருங்கிவிட்டன, வயல்கள் மனைகளாகிவிட்டன. தாம்பரம் மார்க்கெட்டில் மார்கழியிலும் தர்பூசணி கிடைக்கிறது. கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் மாதமே இல்லை. பருவம் தட்டிலிருந்து நழுவிய பிறகுதான் அதற்கு 'பருவகால உணவுமுறை' என்று பெயர் வந்தது, வகுப்பு வந்தது, டயட் சார்ட் வந்தது.

இந்த மாற்றத்தைப் பார்க்க தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது. காசநோய்க்கு மாத்திரையோ ஊசியோ இல்லாத நாட்கள் அவை. திறந்தவெளிக் காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவையே வைத்தியம். ஊர்ச் சந்தடி எட்டாத காடாக இருந்ததால் தாம்பரம் அதற்குத் தோதாயிற்று.

இன்று அதே சானடோரியத்தில், 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் என ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்தான நிலவேம்புக் குடிநீரை டெங்கு பரவிய ஆண்டுகளில் நகரமே தேடிக் குடித்தது. காய்ச்சல் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் 'இது சூடு, அது குளிர்ச்சி' என்று அடுப்படியில் பாட்டி சொன்னது, இன்று ஓ.பி. சீட்டில் பத்தியமாக எழுதித் தரப்படுகிறது.

சரி, எந்த நூலைப் பார்த்துச் சாப்பிடுவது? ஆயுர்வேதத்தின் ருதுசரியை ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் மழைப்பருவம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. அடுத்து வரும் சரத் ருதுவில் வானம் தெளியும், வெயில் காயும், பித்தம் ஏறும்; குளிர்ச்சியாகச் சாப்பிடு என்கிறது. அந்தச் சரத் ருது வரும் ஐப்பசியில்தான் நம் ஊரில் மழையே பிடிக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது அது கார்த்திகை. தமிழ் மரபு ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது.

சீனர்களின் கணக்கில் ஆண்டுக்கு 24 பொழுதுகள். மஞ்சள் ஆற்றுப் படுகையின் வானத்தையும் வயலையும் பார்த்துப் போட்ட அந்தக் கணக்கை 2016இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோடையில் பச்சைப்பயறுக் கஞ்சி, குளிர்காலத்தில் இஞ்சி போட்ட ஆட்டுக்கறி சூப் என்பது அவர்கள் வழக்கம். பயத்தங்கஞ்சி நமக்கும் புதிதல்ல. ஆனால் பிப்ரவரித் தொடக்கத்தில் அவர்களுக்கு வசந்தம் பிறக்கிறது. நமக்கோ அது பனி இறங்கும் தை மாதம். சூடு, குளிர்ச்சி என்ற பார்வை ஊர் விட்டு ஊர் போகலாம், தேதி போகாது.

எனக்குத் தெரிந்த நம்பகமான பஞ்சாங்கம் ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. மார்க்கெட்டுக்குள் இல்லை, அதன் வெளிவாசலில், சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம். போன தை மாதம் அவர் முன்னால் பனங்கிழங்குக் கட்டுகள் மட்டுமே இருந்தன. "வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்றேன்.

"இப்ப இதுதாம்பா வரும்" என்றார்.