கட்டுத்துணிக்கு அடியில்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம்தான். நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல, பேண்டேஜ் துணி. வெளுத்து, மடித்து, கட்டுக் கட்டாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அரிவாள் வெட்டுக்கும் குண்டுக் காயத்துக்கும் துணி ஒன்றுதான். துணிக்கு அடியில் இருக்கும் கிருமிதான் மாறிவிட்டது.

2003-ல் ஈராக் போர் தொடங்கிய பின், காயம்பட்டு ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குப் புண் ஆறவே இல்லை. புண்ணில் இருந்தது அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது மசியவில்லை. 'ஈராக்கிபாக்டர்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். ஈராக் மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது முதல் ஊகம். தேடிப் பார்த்தால், போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே அது ஆளுக்கு ஆள் பரவியிருந்தது. மண் பாவம்.

சண்டை நடக்கும் நாட்டில் இந்தக் கிருமிகள் கொழிக்கக் காரணங்கள் உண்டு. காயத்துக்குள் மண், இரும்புத் துண்டு, சட்டைத் துணி எல்லாம் புகுந்திருக்கும். ஆபரேஷன் நாள்கணக்கில் தள்ளிப்போகும். கை கழுவத் தண்ணீர் இருக்காது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று கல்ச்சர் பார்த்துச் சொல்லும் லேப் இடிந்து கிடக்கும். டாக்டர் குத்துமதிப்பாக, கையில் இருப்பதில் வீரியமானதைக் கொடுப்பார். பிழைத்த கிருமிகள் பெருகும். ஈராக், சிரியா, ஏமன் நாடுகளில் காயம்பட்டவர்களுக்காக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2006 முதல் ஜோர்டானின் அம்மானில் ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறது. எலும்பில் சீழ் வைத்து அங்கே வருபவர்களுக்கு, எலும்புத் துணுக்கை எடுத்துக் கல்ச்சர் பார்த்த பிறகே மருந்து முடிவாகிறது.

ராஜபாளையத்தில் குண்டு விழவில்லை, லேப்புக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் நம் ஊர் மெடிக்கலில் கேட்கும் குரல் என்ன? "அண்ணாச்சி, சளி பிடிச்சிருக்கு, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க." சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ்; ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடச் சொல்லி 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்டதுதான் சென்னைப் பிரகடனம். 2014 மார்ச்சில், பல ஆன்டிபயாட்டிக்குகள் அடங்கிய 'எச்1' பட்டியல் அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு மூன்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இப்படி மசியாத கிருமிகளிடம் மற்ற மருந்துகள் தோற்றபோது டாக்டர்கள் தூசி தட்டி எடுத்தது கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து அது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமான அதையே இந்தியாவில் கோழிக்கு எடை கூடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது.

கோழியோடு முடிந்ததா? ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரின் பிழைப்பே பாலும் பால்கோவாவும். மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்பு வழியாகவோ ஊசியாகவோ ஆன்டிபயாட்டிக் போகும். டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. காய்ச்சினாலும் மருந்தின் மிச்சம் முழுதாகப் போய்விடாது. தயிருக்கு உறை ஊற்றினால் சரியாகத் தோயாமல் காட்டிக்கொடுக்கும். பால்கோவா காட்டிக்கொடுக்காது: சுண்டச் சுண்டக் கிளறிச் சர்க்கரை சேர்த்துவிட்டால் நாக்குக்கு எதுவும் தெரியாது.

ஊசிக்கு முன் செய்து பார்க்க ஒரு வழியைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை தடவ வேண்டும். ஐந்து நாள். நோய் முற்றினால் ஊசிதான். அப்போது கறக்கும் பாலைக் கீழே கொட்டும் நஷ்டம், அன்றாடம் சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்கும் மாட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.